சகாயமேரி அழவில்லை

கார் கழிந்து கூதிர்ப் பருவம் பிறந்தது. வானம், துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் தாழ்ந்து நின்று, பேசாமல் தூறியது. ஒலக்கூர்ப் பக்கத்து ஏரிகள் கரையளவு நிறைந்தன. நாற்றுகள் நீருள் தலை குனிந்தன. ஓசையெல்லாம் ஈரத்துள் அடங்கிய ஒரு காலையில், விழுப்புரத்து மருத்துவமனையின் வராந்தாவில் ஜெசிந்தா ஜெபமாலையை இறுகப் பற்றி அமர்ந்திருந்தாள்.

உள்ளே அறுவைக்கூடத்தில் அவள் மகள் சகாயமேரி, மூன்று வயது. ஆறு திங்களுக்கு முன் திண்டிவனத்தில், உயிர் காக்கும் பொருட்டு, குடலின் ஒரு பகுதியை வயிற்றின்மேல் எடுத்து வைத்தார்கள். அன்று கண்விழித்த பிள்ளை இரண்டு நாள் ஓயாது அலறியது. இன்று அக்குடலை உள்ளே இணைக்கிறார்கள். அந்த அலறலை இன்னொரு முறை தாங்க இயலாது என்று தாய் நடுங்கினாள்.

மயக்க மருத்துவர் பிரபாவதி முன்னரே சொல்லியிருந்தார்: "மயக்கம் குடுத்தப்புறம், ஸ்கேன்ல பாத்து, வயித்துக்கு ரெண்டு பக்கமும் நரம்பு போற எடத்துல மருந்து போட்ருவேம்மா. முழிச்சாலும் சாயந்திரம் வரைக்கும் வலி பெருசா தெரியாது."

ஜெசிந்தா தலையசைத்தாள், நம்பவில்லை.

நண்பகலில் குழந்தையை வார்டுக்குக் கொண்டுவந்தனர். கண் விழித்து மின்விசிறியையே பார்த்துக் கிடந்தது. அழவில்லை, அசையவுமில்லை. ஒரு நாழிகை சென்றது. அவ்வமைதி தாய்க்கு அலறலினும் கொடிதாயிற்று. பிறந்த அன்றும் இவள் அழாமல்தான் கிடந்தாள். உள்ளங்காலைச் சுண்டித்தான் குரலை வரவழைத்தார்கள். ஜெசிந்தா போர்வையை விலக்கினாள். பாதத்தை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஐயோ! எதுக்கும்மா கிள்ற?"

வார்டே திரும்பிப் பார்த்தது. செவிலி பூமாலை ஓடிவந்தாள்.

"இன்னா ஜெசிந்தா, உனுக்கு இன்னா பேஜாரு? டாக்டரம்மா வலியில்லாம அனுப்பி, சும்மா படுத்துக்கினு இருந்த புள்ளய நீ கிள்ளி அழ வைக்கிறியே!"

"அழலியேன்னு பயந்துட்டேங்க."

பூமாலை குனிந்தாள். "வயிறு வலிக்குதாடி கண்ணு?"

"வயிறு வலிக்கல. காலுதான். அம்மாவுக்கு ஊசி போடு."

பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு வெடித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது.

மாலையில் பிரபாவதி வந்து பார்த்தார். "வலி திரும்பறதுக்கு முன்னாடியே அடுத்த மருந்து குடுத்துருவோம். பயப்படாதீங்க."

ஜெசிந்தா எழுந்தாள். மருத்துவரின் வலக்கையைப் பற்றி இரு கண்களிலும் ஒற்றினாள். அவ்வுள்ளங்கையில் தன் கட்டைவிரலால் சிறு சிலுவை வரைந்தாள். பின் மெல்லச் சொன்னாள்:

"இந்தக் கைக்கு ஒரு கொறையும் வராதும்மா. மாதா உங்க புள்ளைங்கள நல்லா வெச்சிருப்பா."