தண்ணீர் கொண்டுபோனவர்கள்

பள்ளியில் மணியடித்ததும் ஓடிய திரிஷா, மைதானத்தின் நடுவே மயங்கி விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். வெயில்தான் என்றார்கள் ஆசிரியர்கள். ஆனால் காஞ்சிபுரத்து மருத்துவமனையில் ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

"குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

திரிஷாவின் அம்மா தீபிகா மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "எங்கப்பா. கிணத்துல முழுகிட்டாரு."

"நீந்தத் தெரியாதா?"

"நல்லாத் தெரியுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். இந்தத் தாளை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, அப்பா வழியில் யார் யார் எப்படி இறந்தார்கள் என்று தெரிய வேண்டும் என்றார். அதுவரை குழந்தையை ஓடவிடக் கூடாது, தண்ணீரில் இறக்கக் கூடாது, பின்னால் நின்று கத்திக் கூப்பிடவும் கூடாது. இது அந்த நோயாக இருந்தால், திடுக்கிட்டால்கூட இதயம் தடுமாறிவிடும்.

அப்பா வழியில் யார் இருக்கிறார்கள் என்றே தீபிகாவுக்குத் தெரியாது. அம்மா காந்தாவைக் கேட்டாள்.

"திருப்புட்குழி பக்கம். காலனிப் பொண்ணைக் கட்டிக்கினாருன்னு அவங்க தெருவுலயே எங்களை விடலை. அவர் செத்தப்போகூட யாரும் வரலை." காந்தா பேத்தியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வம்சத்துக்குத் தண்ணி ஆவாதுன்னு ஒருதரம் சொன்னாரும்மா. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு."

மறுநாள் தான் வேலை செய்யும் பட்டுக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். இறந்தவர் பெயரும் தேதியும் இல்லாமல் எதையும் தேட முடியாது என்றார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர். இறந்தவரின் படத்துக்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், சம்பந்தி என்று ஒரு குடும்பமே பெயர்பெயராக இருந்தது. மூலையில் அச்சடித்த கடையின் பெயர்.

கடைக்காரர் கிறிஸ்டோபர் கம்ப்யூட்டரில் ஊர்வாரியாகப் பழைய பேனர்களை வைத்திருந்தார். "ஆளு பேரு தெரியாம எப்படிம்மா?" என்று அலுத்துக்கொண்டாலும், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு முகமாகத் திரையில் வந்தது. கிழவர் முகம் வந்தால் தீபிகாவுக்கு மூச்சு வந்தது. இளமுகம் வந்தால் நிறுத்தச் சொல்லி உற்றுப் பார்த்தாள். அப்படி வந்த ஒரு முகத்தில் அப்பாவின் புருவங்கள் இருந்தன.

குமரன். வயது இருபத்து மூன்று. தாய் சம்பூர்ணம். அதற்கும் கீழே, 'தாய்மாமன் அமரர் அப்பாதுரை'.

"இந்தப் பையனா?" என்றார் கிறிஸ்டோபர். "ஏரியில குளிக்கப் போனவன்மா. அந்த அம்மாதான் அண்ணன் பேரைப் போட்டே ஆவணும்னு நின்னாங்க."

"அந்த அப்பாதுரைதாங்க எங்கப்பா" என்றாள் தீபிகா. கிறிஸ்டோபர் பேனர் ஆர்டரில் இருந்த எண்ணைத் தானே போட்டு போனை அவளிடம் தந்தார்.

"அத்தை, நான் உங்க அண்ணன் அப்பாதுரை பொண்ணு பேசறேன்."

மறுமுனையில் ஓர் அலறல் கேட்டது. தொடர்பு அறுந்தது. மீண்டும் அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று பலமுறை நினைத்தாள். அம்மாவை விடாத தெரு. திருப்புட்குழியில் இறங்கி சம்பூர்ணம் வீட்டுக்கு வழி கேட்டதும் ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு? அவங்களுக்கு என்ன உறவு?" அவள் நடையை எட்டிப் போட்டாள். அவர் பார்த்துக்கொண்டே நிற்பது முதுகில் தெரிந்தது.

சம்பூர்ணம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சாயலில் வந்த தீபிகாவைக் கண்டதும் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்லயும் தண்ணி யாரையோ கொண்டுபோயிடுச்சுன்னு சொல்ல வந்தியாம்மா?"

"இல்லத்தை. யாரும் போகலை. போவக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

சம்பூர்ணத்துக்கு அழுகை வந்தது. அழுதபடியே சொன்னாள். தங்கை வாய்க்காலில். அண்ணன் கிணற்றில். மகன் ஏரியில். எல்லாருமே நீந்தத் தெரிந்தவர்கள். சாபம் என்று சொல்லி எத்தனையோ பரிகாரம் செய்தாயிற்று. "இப்ப என் பொண்ணு சந்தியா மட்டுந்தான். அவளும் போன மாசம் குக்கர் விசிலடிச்சதுக்கு மயங்கி விழுந்தா. துன்னூறு வெச்சு விட்டோம்."

தீபிகா அவள் கையைப் பிடித்தாள். "சந்தியா எங்க?"

"பம்புசெட்ல குளிக்கப் போயிருக்கா. இடுப்பளவுதானே தண்ணின்னு விட்டேன்."

இருவரும் வரப்பில் ஓடினார்கள். தொட்டி தெரிந்தது. கழுத்து வரை நீரில் அமிழ, கண்ணை மூடி உள்ளே உட்கார்ந்திருந்தாள் சந்தியா. சம்பூர்ணம் கூப்பிட வாயைத் திறந்தாள். தீபிகா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க அத்தை. கும்புட்டுக் கேக்கறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் முகம் இருக்கும் பக்கமாகச் சுற்றி நடந்தாள். தன் இதயமே காதில் அடித்தது. தொட்டியின் ஓரத்தை அடைந்ததும், குழந்தையை எழுப்புவதுபோல மெல்லப் பேசினாள்.

"சந்தியா... ஒண்ணுமில்லம்மா. மெதுவா கண்ணைத் திற."

சந்தியா கண்ணைத் திறந்தாள். தீபிகா புடவையோடு தொட்டியில் இறங்கி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"யாருங்க நீங்க?"

"உன் மாமன் பொண்ணு. வா, மேல ஏறலாம்."

சந்தியாவை மேலே ஏற்றி உட்காரவைத்துவிட்டு, தீபிகாவும் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மருத்துவமனை பெஞ்சில் காந்தாவும் சம்பூர்ணமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் சம்பூர்ணம், "அண்ணி, காபி வாங்கியாரட்டுமா?" என்று கேட்டாள். காந்தா தலையாட்டினாள்.

சந்தியாவின் ஈசிஜி பார்த்ததுமே டாக்டருக்குத் தெளிவாகிவிட்டது. திரிஷாவுக்கும் அதுவேதான். இதயத்தின் மின்னோட்டத்தில் பரம்பரையாக வரும் கோளாறு. தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு, ஜாக்கிரதையாக இருந்தால் வாழலாம் என்றார். பிறகு தீபிகாவைப் பார்த்தார்.

"உங்களுக்கும் எடுக்கணும்மா. உங்கப்பாகிட்டருந்து உங்க வழியாத்தானே வந்திருக்குது?"

அதுவரை தன்னைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. மார்பில் குளிர்ந்த பட்டைகளை ஒட்டியபோது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கும் இருந்தது. அடுத்து எடுத்த சம்பூர்ணத்துக்கும் இருந்தது.

நான்கு பேருக்கும் டாக்டர் மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் சம்பூர்ணம் போனை எடுத்தாள். வாலாஜாபாத்தில் பெரியப்பா பேரன்கள், செய்யாறில் சித்தப்பா மக்கள் என்று ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினாள். முதல் ஆள், அப்பாதுரையின் மகளும் கூட இருக்கிறாள் என்று தெரிந்ததுமே திட்டிவிட்டு வைத்தார்.

தீபிகா போனை வாங்கி, அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.