மேலே வரலாமா

மூன்றாம் வகுப்பு ஸிக்னே, அந்த மார்ச் மாதம் ஏரியின் உறைபனியில் வெட்டிய குழிக்குள் மூன்று வியாழக்கிழமைகளில் குதித்தாள். மூன்று முறையும் நனையாமல் வெளியே வந்தாள். உள்ளே ரப்பர் உடுப்பு போட்டிருக்கிறாள் என்றார் கடைக்கார ரூனே. டீச்சர் குன்வோர் எல்லோர் முன்னாலும் காலரைத் தூக்கிப் பார்த்தார். கம்பளிதான் இருந்தது. "அப்பனை மாதிரியேதான். தண்ணிக்கே டேக்கா குடுக்குறா பாரு!" என்றார் ரூனே.

நார்வே எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளியில், பனி உடைந்து ஏரிக்குள் விழுந்தால் தப்பிக்கச் சொல்லித்தரும் இந்தப் பாடத்துக்கு விலக்கே கிடையாது. இடுப்பில் கயிறு, கழுத்தில் இரண்டு கூராணிகள், முழு உடுப்போடு குழிக்குள் குதிக்க வேண்டும். பதறாமல் மூச்சைச் சீராக்கி, பெயரைச் சொல்லி, "மேலே வரலாமா?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். டீச்சர் "வா" என்ற பிறகுதான் ஆணிகளைப் பனியில் குத்தி ஏறலாம். நனையாத பிள்ளைக்குச் சான்று இல்லை. சான்று இல்லாத பிள்ளை ஏரியில் தனியாகக் கால் வைக்கக் கூடாது. ஸிக்னேவோ கால் வைத்தே ஆக வேண்டும் என்றிருந்தாள். அவள் அப்பா டூர்பியோர்ன் இரண்டு வருடத்துக்கு முன் மீன் பிடிக்கப் போய் அங்கேதான் காணாமல் போனான். தேடியும் உடல் கிடைக்காததால், நார்வேக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அவன் மனைவி மாய்லிஸும் அதை நம்பி, அவன் கோட்டுகளை எல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள். மகள் மட்டும் நம்பவில்லை. அப்பாவைத் தேடிப் போகத்தான் அவளுக்குச் சான்று வேண்டியிருந்தது.

நான்காம் வியாழன் பாதி ஊர் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. ஸிக்னே குதித்தாள். தண்ணீர் வழக்கம்போல அவளைத் தொடாமல் விலகி நின்றது. டீச்சர் பெயரைக் கேட்டார். ஆத்திரமும் அழுகையுமாக, "டூர்பியோர்ன்! மேலே வரலாமா?" என்று அவள் கத்தினாள். முப்பது வருடப் பழக்கத்தில் குன்வோரின் வாய் தானாக "வா" என்றது.

குழியின் எதிர் விளிம்பில் இரண்டு கைகள் ஆணிகளைக் குத்தின. டூர்பியோர்ன் சொட்டச் சொட்ட ஏறி வந்தான். அந்த நொடியே தண்ணீர் ஸிக்னேவைக் கழுத்துவரை நனைத்தது. அவள் போட்ட அலறலில் ஏரிக்கரை நாய்கள் எல்லாம் குரைத்தன.

மாய்லிஸ் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கழுத்தை முகர்ந்து பார்த்தாள். மீன் வாடைதான் அடித்தது.

"ரெண்டு வருஷம் எங்கய்யா இருந்தே?"

"கீழதான். பேரைச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். யாருமே வான்னு சொல்லலை."

"சொல்லலைன்னா? ஏறி வர்றதுக்கென்ன கேடு?"

"அதெப்படி? நான் குன்வோர்கிட்டல்ல படிச்சேன்!"

ஸிக்னேவுக்கு அன்றே சான்று கிடைத்தது. வியாழக்கிழமை என்பதால் ஊர் வழக்கப்படி எல்லா வீட்டிலும் பட்டாணி சூப். மாய்லிஸ் அவனுக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். ரூனே இன்னும் அந்த நார்வேக்காரி கதையை விட்டபாடில்லை. தினமும் வேலை முடிந்து வரும் டூர்பியோர்ன், வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பெயரைச் சொல்லி, வரலாமா என்று கேட்கிறான். மாய்லிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். பிறகு "வா" என்கிறாள்.