பாட்டு இல்லாத இடம்

"கடைசியா என்னா சொன்னாரு?" என்று பெரிய நாத்தனார் கேட்டபோது விருத்தாம்பாளின் முகம் அவளுடைய தோளில் புதைந்திருந்தது. கட்டிக்கொண்டு அழுத அழுகை அப்போதுதான் ஒரு மூச்சு ஓய்ந்திருந்தது. காலையிலிருந்து இந்தக் கேள்வி ஆறாவது தடவை. சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை ஏற்றி வந்த வேன் டிரைவர்கூட ஆலப்பாக்கம் தாண்டும்போது திரும்பிப் பார்த்து அதையேதான் கேட்டான்.

"காப்பி கேட்டாரு."

"குடிச்சாரா?"

"இல்ல. வாங்கியாரதுக்குள்ள..."

"ஒரு வாய் காப்பிக்குக் குடுத்து வெக்கலியே எந்தம்பிக்கு!" நாத்தனார் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் வந்த இரண்டு பேரும் ஒப்பாரியில் அந்தக் காப்பியையே பிடித்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் சுப்புராயன் நெற்றி நிறைய திருநீறோடு படுத்திருந்தார். யாரோ தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தார்கள். அவர் ஒரு நாளும் அப்படி வாரியதில்லை.

காப்பி கேட்டது பொய்யில்லை. அதற்கு முன்னால் அவர் வேறொன்று கேட்டார். அதைத்தான் விருத்தாம்பாள் யாரிடமும் சொல்லவில்லை.

கடலூர் செம்மண்டலத்தில் சுப்புராயனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் 'தோணித்துறை அல்லி'யைப் பற்றிப் பேசிக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே அவர் எழுதி, மெட்டுப்போட்டு, தானே அல்லியின் அப்பனான ஓடக்காரனாக வேஷம் கட்டி மேடையேற்றிய பாட்டு நாடகம் அது. எழுபத்து நாலில் கடலூரில் மட்டும் பதினெட்டு தடவை போட்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு பாட்டு. எழுபத்தெட்டில் மெட்ராசிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து கதையை வாங்கிப் போயிற்று. பெயரை மாற்றினார்கள், ஓடக்காரனாக வேறு ஒரு நடிகரைப் போட்டார்கள், ஐந்து பாட்டை வைத்துக்கொண்டு பதினேழை வெட்டினார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை முப்பது வருஷம் நடந்தது. எதிர்க்கட்சி விருத்தாம்பாளின் தம்பி தேவநாதன். நாடகத்தில் அல்லியைக் கட்டிக்கொண்டு போகிறவனாக வேஷம் கட்டியவன், ஆனால் படத்தின் பக்கம் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தால் கை கழுவுவதற்குள் தொடங்கிவிடும்.

"மாமா, மேடையில ஆறுன்னா நீலப் பொடவைய ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சி ஆட்டுறது. படத்துல நெஜ ஆறு ஓடுதே."

"நெஜ ஆறு பாக்கணும்னா கெடிலத்துக்குப் போ மச்சான். அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"அந்தப் பொண்ணு மூஞ்சிய அவ்ளோ கிட்டக்க மேடையில காட்ட முடியுமா?"

"மேடையில நான் பாடறப்ப மூச்சு வாங்கறது மொத வரிசைக்குக் கேக்கும்டா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வாங்கும். படத்துல எவன் மூச்சு வாங்கறான்?"

இருவருக்கும் நடுவில் ரசத்தை ஊற்றிவிட்டு விருத்தாம்பாள் உள்ளே போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பார்கள், பால்காரரைக் கேட்பார்கள், மகள் அறிவுமதிக்குப் பத்து வயதாக இருந்தபோது அவளைக்கூடக் கேட்டார்கள். விருத்தாம்பாளை யாரும் கேட்டதில்லை. அவளும் சொல்லப் போனதில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அவர் கேட்டார்.

நெஞ்சுவலி என்று சேர்த்து அன்றைக்கு நாலாவது நாள். தேறிவிட்டார், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தின நாள் பார்க்க வந்த தேவநாதன் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் பழைய சண்டையை எடுத்து, நர்ஸ் வந்து அதட்டும்வரை போகவில்லை. அந்தக் குஷி அவருக்கு இன்னும் இருந்தது.

"ஊரு பூரா கேட்டுட்டேன். உன்ன ஒருவாட்டி கேட்டதில்ல பாரு" என்றார். "ரெண்டும் பாத்தவ நீ. எதும்மா பெருசு?"

அவள் கட்டிலுக்கு இடப்பக்கம் குனிந்து டம்ளரை அலசிக்கொண்டிருந்தாள். மூன்று ராத்திரி வார்டுத் தரையில் படுத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகிறோம் என்ற தைரியமும் இருந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாரே என்ற கோபமும் இல்லாமல் இல்லை. எல்லாமாகச் சேர்ந்து வாயிலிருந்து வந்துவிட்டது.

"படந்தான்."

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "காப்பி வாங்கியா" என்றார். அவ்வளவுதான். அவள் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அவருக்கு இடது காது பத்து வருஷமாக மந்தம். அவள் நின்றது இடப்பக்கம். குனிந்திருந்தாள், டம்ளர் சத்தம் வேறு. அவர் காதில் விழுந்திருக்காது. விழுந்திருந்தால் சும்மா இருப்பாரா? எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரியை இரண்டாக்கியிருப்பார். வேனில் வந்த ஒன்றேகால் மணி நேரமும் அவள் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். புருஷன் போனது போனதுதான். அவர் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் போயிருக்க வேண்டும். அவளுக்கு இனிமேல் வேண்டியது அது ஒன்றுதான்.

தேவநாதன் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தான். சாமியானாவுக்கு வெளியிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்தான்.

"நாடகந்தான் மாமா பெருசு! உன் நாடகந்தான்! உன்ன சீண்டறதுக்குத்தான் மாமா நான் படம் படம்னு பேசுனேன். எந்திரிச்சி வந்து என்ன ரெண்டு அடி அடி மாமா!"

பார்த்தவர்கள் எல்லாருக்கும் கண் கலங்கியது. விருத்தாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய். படம்தான் பெரிசு என்று அவன் மனசார நம்பியவன். படத்தில் வரும் வசனம் முழுக்க அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் முப்பது வருஷம் பேசியதை ஒரு நொடியில் தூக்கிப் போட்டுவிட்டு, செத்தவர் முகத்துக்கு நேரே இவ்வளவு சுலபமாக ஒரு பொய்யைச் சொல்ல அவனுக்கு வருகிறது. உயிரோடு இருந்து ஆசையாகக் கேட்டபோது அவளுக்கு வரவில்லை.

மூன்று மணிக்குச் சந்தியாகு மாலையோடு வந்தார். கடலூர் முதுநகர்க்காரர். பக்கத்துக் கட்டிலில் கிடந்த அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர். நாலு நாள் பழக்கத்துக்காக, வீட்டுக்கு வந்து குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, விலாசம் விசாரித்து வந்திருந்தார். மாலையைப் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு நின்றவரை அறிவுமதி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இவருதான் அத்தே, அப்பா போறப்ப பக்கத்துல இருந்தவரு" என்றாள் மகள்.

பெரிய நாத்தனார் விடுவாளா? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். "கடைசியா என்னா சொன்னாருங்க எந்தம்பி?"

"நல்லாத்தாம்மா பேசிக்கிட்டு இருந்தாரு. சிரிச்சிக்கிட்டே பேசுனாரு" என்றார் சந்தியாகு. துக்க வீட்டில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லக் கிடைத்ததில் அவருக்கு ஆறுதல். "அம்மா காப்பிக்குப் போனதும் என்கிட்ட திரும்பி, 'எங்க வீட்டம்மாவுக்கு நாடகத்தவிட படந்தான் புடிக்குமாம் சார். முப்பது வருஷமா வாயே தொறக்கல பாருங்க அழுத்தம்'ன்னாரு."

தேவநாதன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான்.

"உங்களுக்கு எது சார் புடிச்சிதுன்னு கேட்டேன். 'நான் எங்க சார் படத்த பாத்தேன்'னாரு."

"யாரு, மாமாவா?" என்றான் தேவநாதன். "அவரு செதம்பரத்துல பாத்தாரே!"

"தியேட்டருக்குப் போனது நெஜந்தானாம். பேரு போட்டாங்களாம், மூலக்கதைன்னு இவரு பேரும் வந்துச்சாம். அதோட எந்திரிச்சி வெளிய வந்துட்டாராம். அதுக்கப்புறம் பாக்கணும்னு தோணலியாம். யாருக்கும் தெரியாதுன்னாரு."

மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தேவநாதன் ஐஸ் பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "முப்பது வருஷம் எங்கூட சண்ட போட்டாரேய்யா" என்றான்.

சந்தியாகு விருத்தாம்பாள் பக்கம் திரும்பினார். "நீங்க காப்பியோட வந்ததும் படத்துல எந்த எடம் புடிச்சிதுன்னு கேக்கணும்னாரும்மா. அதே நெனப்பா இருந்தாரு. வராளா பாருங்க சார்னு என்ன மூணுவாட்டி வாசலுக்கு அனுப்பிட்டாரு. கேன்டீன்ல கூட்டம் ஜாஸ்தியாம்மா?"

"ஆமா" என்றாள் விருத்தாம்பாள்.

கேன்டீனில் ஒருவரும் இல்லை. ஆறேகாலுக்கு ஃபிளாஸ்க் நிரம்பிவிட்டது. ஒருவேளை அவர் காதில் விழுந்திருந்தால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று பயந்து, மருந்து வாங்கும் இடத்துக்கு எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு மணிவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்தால் அதற்குள் ஆறட்டும் என்று நினைத்தாள். அவள் போனபோது கட்டிலைச் சுற்றி நர்சுகள் நின்றார்கள்.

கோபமே இல்லை. சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதை அவளால் தாங்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எந்த இடம்?

நேரத்தோடு போயிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள்? அவளிடம் இருந்தது ஒரே இடம்தான். தம்பியோடு ஒரு தடவை பார்த்தது போக, அதற்காகவே திருவந்திபுரம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று தடவை தியேட்டருக்குப் போனாள். அல்லி அக்கரைக்கு வாழப்போகிற இடம் அது. நாடகத்தில் அங்கேதான் சுப்புராயன் தன் பெரிய பாட்டைப் பாடுவார். பல்லவி, ஆறு சரணம், பதினாலு நிமிஷம். கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்டால் இன்னொரு பதினாலு. படத்தில் பாட்டையே எடுத்துவிட்டார்கள். ஓடக்காரன் ஓடத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மகள் ஏறி உட்காருகிறாள். ஒன்றும் பேசாமல் அவன் கயிற்றை விடுகிறான். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது.

கல்யாணமான மறுநாள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அப்பா அப்படித்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்திரமா இரு என்றுகூடச் சொல்லவில்லை. பஸ் நகர்ந்தபோது கூடவே நாலு எட்டு நடந்து வந்துவிட்டுக் கையை எடுத்தார். அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். தியேட்டர் இருட்டில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நாடகத்தின் பதினெட்டு நாளும் ஒரு பொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. அவர் அவ்வளவு நன்றாகப் பாடியும் வந்ததில்லை.

உன் பாட்டு இல்லாத இடம்தான் எனக்குப் பிடித்தது என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

நாலு மணிக்கு எடுக்க ஆள் வந்துவிட்டது. வாய்க்கரிசி போட்டு முடிந்து, பாடையைத் தெருவில் இறக்கிவைத்திருந்தார்கள். தூக்கக் குனிந்தவர்களைத் தேவநாதன் தடுத்தான். மேளத்தை நிறுத்தச் சொன்னான்.

"மாமா பாட்டப் பாடித்தான் அவர அனுப்பணும்" என்றான்.

நாடகத்தில் இருந்தவர்களில் அவனைச் சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். ஞானசேகரனுக்குக் கண் தெரியாது, பேரன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். இன்னொருவர் நாடகத்தில் மிருதங்கம் வாசித்தவர். மூவரும் தலைமாட்டில் நின்றார்கள். தேவநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான்.

'அக்கரைக்குப் போறவளே, உன் அப்பன் நிக்கிறேன் பாரம்மா...'

தெருவில் இருந்த பெண்களெல்லாம் ஓவென்று அழுதார்கள். எதிர் வீட்டு மாடியில் நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதல் சரணம் ஆயிற்று, இரண்டாவது ஆயிற்று. விருத்தாம்பாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபத்து நாலில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில், திரை ஓரமாக, இதே பாட்டு எப்போது முடியும் என்று அவள் கால் மாற்றி மாற்றி நின்றிருக்கிறாள். குழந்தைக்குப் பசி, அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அவர் கண்ணை மூடி இன்னொரு தடவை பல்லவிக்குப் போவார்.

"அடக்காதடி, அழுதுடு" என்று பெரிய நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள்.

அழுகை வரவில்லை.

மூன்றாவது சரணத்தில் தேவநாதனுக்கு அடி மறந்துபோயிற்று. ஞானசேகரனைப் பார்த்தான். மற்ற இருவருக்கும் நினைவில்லை. பாடைக்காரர்கள் மூங்கிலைப் பிடித்தபடி குனிந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தெரு முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. விருத்தாம்பாள் நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு படி கீழே இறங்கினாள்.

தேவநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பல்லவியிலிருந்து எடுத்தான்.

அவள் இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாறி நின்றாள்.