முப்பத்தைந்து ஹேர்ட்ஸ்

பொங்கலுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. என் மனைவி சுதர்சினி ஜன்னல் மூலையைக் கூட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"பொங்கலுக்குள்ள அது பாடணும். பாடலன்னா அந்த எடத்துல என் மெஷின வைப்பேன்."

சுவருக்கு மேலிருந்து பக்கத்து வீட்டு வடிவேலின் குரல் வந்தது.

"பொங்கலன்னிக்குக் காலையிலயா தங்கச்சி, சாயங்காலமா?"

"பொங்கலுக்கு மொத நாளுண்ணே."

"அப்ப பத்து நாளுதான் மாஸ்டர்" என்றான் வடிவேல்.

அது என்பது நான் செய்துகொண்டிருந்த சப்வூபர், அடிஒலி எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி. அப்போது அது பெட்டியாக இல்லை. ஆறு பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. இரண்டு மாதமாக நின்றன.

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய குடியிருப்பில், பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது பத்தாவது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல். ஊசியில் நூல் கோர்க்கும் அளவுக்கு வெளிச்சம் விழும் ஒரே இடம் முன்னறையின் ஜன்னல் மூலை. அங்கே என் பலகைகள். என் மனைவியின் கைமெஷின் பழைய சேலை சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. யாராவது சட்டை தைக்கக் கொடுத்தால் அதை இழுத்தெடுத்து வாசற்படியில் வைத்துக்கொள்வாள். மழை வந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள். அந்த மாதங்களில் எங்கள் பக்கம் மழை வராத நாள் குறைவு.

"வாசல்ல நல்லா காத்து வருமே" என்று ஒருமுறை சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். கோழிக்கு ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

தோட்டப் பாடசாலையில் பதினான்கு வருடமாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒன்பதாம் தரப் பாடநூலில் ஒலி என்று ஓர் அலகு உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அலகுதான்.

பதினோராம் வீட்டு வடிவேல் கொழுந்து லொறி ஓட்டுபவன். தீபாவளிக்கு ஒரு பாட்டுப்பெட்டி வாங்கினான். கடையில் வாங்கியது, விளக்கெல்லாம் எரியும். பார்க்கக் கூப்பிட்டான். தேத்தண்ணி கொடுத்தான். பத்துப் பேர் முன்னால் கருத்துக் கேட்டான்.

"சத்தம் இருக்கு. பேஸ் இல்ல" என்றேன்.

"பேஸுன்னா என்னா மாஸ்டர்?"

"காதுக்குக் கேக்குறது சத்தம். நெஞ்சுக்குக் கேக்குறது பேஸ்."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"கடையில வாங்குனா வராது. கணக்குப் போட்டுச் செய்யணும்."

"அப்ப நீங்க ஒன்னு செஞ்சு காட்டுங்களேன்."

மறு சனிக்கிழமை பதுளைக்குப் போனேன். ஸ்பீக்கர் கடைக்காரர் ஷிபான் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பெட்டி ரெடியா இருக்கு சேர். அப்படியே கொண்டு போகலாம்."

"பெட்டி நான் செய்வேன்."

அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பலகை வெட்டியது ஹாலிஎலயில், ஸலீம் பாயின் மரப்பட்டறையில். காகிதத் துண்டில் அளவை எழுதிப் போயிருந்தேன்: நாற்பது, நாற்பது, நாற்பத்தொன்று சென்ரிமீற்றர்.

"மாஸ்டர், இது உள்ளளவா, வெளியளவா?"

"அளவு அளவுதான் பாய்."

வெட்டிக் கொடுத்தார். வீட்டில் சேர்த்துப் பார்த்தபோது பலகையின் தடிப்பு உள்ளே போய்விட்டது. அறுபத்தைந்து லீற்றர் கொள்ள வேண்டிய பெட்டி ஐம்பதைக்கூடத் தொடவில்லை. திரும்பப் போனேன். ஸலீம் பாய் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, துண்டில் தானே 'உள்' என்று எழுதிக்கொண்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மரியாதை கூடிக்கொண்டே போனது.

இந்தப் பெட்டியில் ஒரு குழாய் உண்டு. வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஆழமாக ஓர் ஒலி எழும் அல்லவா, அதே வித்தை. ஸ்பீக்கரின் முதுகுப்புறக் காற்று குழாய் வழியாக வந்து அடிஒலியைப் பெருக்கும். எந்த ஒலியைப் பெருக்கும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கும். முப்பத்தைந்து ஹேர்ட்ஸ் என்று தீர்மானித்தேன். தண்ணீர்க் குழாய் போட்டபோது மிஞ்சிய நாலங்குலக் குழாயை இருபத்தைந்து சென்ரிமீற்றருக்கு வெட்டினேன். கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசி வரி இது: 'அறை: பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூடியது.'

அடியில் கோடும் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் பெய்த மழையில் எதிர்மலையில் மண் சரிந்தது. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் செங்குத்தான சரிவுதான். ஓர் அதிகாரி வந்து சிங்களத்தில் பேசினார். தமிழில் சொன்னது நான். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே தொங்கவிட வேண்டும். மண்ணுக்குள் வித்தியாசமான சத்தம் கேட்டால் உடனே வெளியேற வேண்டும்.

"எப்படிச் சத்தம்?" என்று யாரோ கேட்டார்கள். அதிகாரி அதைச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"உறுமல். காதுக்குக் கேக்காது. நெஞ்சுக்குக் கேக்கும்."

ஓடினால் எல்லோரும் பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் சேர வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. முன்னால் வெட்டவெளி. அங்கே தலை எண்ணும் பொறுப்பு மாஸ்டருக்கு.

பொங்கலுக்கு முதல் நாள், பிற்பகல். மூன்று நாளாக விடாத தூறல். பெட்டியை ஒட்டி, ஆணி அறைந்து, சந்துகளில் பசை பூசி மூலையில் வைத்திருந்தேன். ஸ்பீக்கர் ஏறியது. குழாய் ஏறியது. போனை ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். அதில் முப்பத்தைந்து ஹேர்ட்ஸை மட்டும் தொடர்ந்து எழுப்பும் செயலி. பாட்டு போடுவதற்கு முன் தனி ஒலியில் சோதிக்க வேண்டும். அதுதான் முறை.

சுவிட்சைப் போட்டேன்.

எங்கோ யாரோ மாச் சலிப்பதுபோல் கேட்டது. அவ்வளவுதான்.

ஸ்பீக்கரைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. குழாய் வாயில் கை வைத்தேன். காற்று அடித்தது.

"பாடுதா?" சமையலறையிலிருந்து சுதர்சினி.

"காத்து வருது."

"காத்துக்கா இத்தன நாளு?"

சத்தத்தைப் பாதிவரை கூட்டினேன். மாச் சலிப்பு. குனிந்து காதைப் பெட்டியில் வைத்தேன். நிமிர்ந்தேன். கொப்பியைப் பார்த்தேன். கணக்குச் சரி. கணக்குச் சரியென்றால் தவறு ஆம்ப்ளிஃபயரின் திருகியில். திருகியைக் கடைசிவரை திருப்பினேன்.

அப்போது பன்னிரண்டாம் வீட்டு அங்கம்மா கத்தினாள்.

"உறுமுது! மலை உறுமுது! வெளிய வாங்க!"

கடைசிப் பக்கத்துத் தகரங்கள் கடகடத்தன. வடிவேல் வீட்டில் ஏதோ விழுந்து உடைந்தது. "ஓடு, ஓடு" என்று அவன் யாரையோ விரட்டும் சத்தம். கதவுகள் திறந்தன. வாசலில் கால்கள்.

நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கதவருகே தொங்கிய பையை எடுத்தேன். "சுதா, ஓடிவா!" என்று கத்தினேன். ஓடினேன். பெட்டியை நினைக்கவே இல்லை. பாடாத பெட்டியை யார் நினைப்பார்கள்?

பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் நின்று எண்ணத் தொடங்கினேன். அங்கம்மா தலையில் துவாயும் கையில் பையுமாக நின்றாள். வடிவேல் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்திருந்தான். இரண்டு பை வைத்திருந்தான். ஒன்றில் கோழி இருந்தது. வீடு வீடாக எண்ணினேன். என்னைத் தவிர்த்து நாற்பத்தொன்று வர வேண்டும். நாற்பது வந்தது. மறுபடி எண்ணினேன்.

குறைந்த ஓர் ஆள் பத்தாம் வீட்டில், எங்கள் வீட்டில்.

லயத்தைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கதவு திறந்து கிடந்தது. கடைசி வீட்டுத் தகரம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. "சுதா!" என்றேன். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். நாலடி போயிருப்பேன்.

உறுமல் நின்றது.

மெல்ல அடங்கவில்லை. சுவிட்சை அணைத்ததுபோல் நின்றது.

நின்ற இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. லயத்தின் இடைச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே காற்று. அந்தச் சுவருக்கு மேலாகத் தீப்பெட்டி வாங்கியிருக்கிறோம். வடிவேலின் குறட்டையில் நாற்பத்திரண்டு வயதுக்காரனான நான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன். கொப்பியில் 'மூடியது' என்று எழுதி, கோடும் போட்டேன். பத்தாம் வீட்டில் கிளம்பும் ஒலி பன்னிரண்டாம் வீட்டுக் கடைசிச் சுவரில் மோதித் திரும்பும். திரும்பும் அலை எங்கள் வீட்டில் கிளம்பும் அலையை அழித்துவிடும். அங்கம்மா வீட்டிலும் வடிவேல் வீட்டிலும் இரண்டும் சேர்ந்து பெருகும். ஒன்பதாம் தரத்துக்கு இதை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைகிறேன். இரண்டு நிறச் சோக்கில்.

வடிவேல் பக்கத்தில் வந்து நின்றான். லயத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாஸ்டர்."

"ம்."

"நெஞ்சுக்குக் கேட்டிச்சு."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள்.

"ஏன் வடிவேலு, அப்ப மலை இல்லியா?"

"மலை இல்ல பெரியம்மா. மாஸ்டர்."

அவள் சற்று யோசித்தாள்.

"தட்டெல்லாம் ஆடிருச்சி. அந்த மனுசன் போனதுக்கப்புறம் எங்க வீட்டுல இப்பிடி ஒரு உறுமல நான் கேட்டதே இல்ல."

பிறகுதான் அவளும் சிரித்தாள். வடிவேலின் பைக்குள் கோழி சத்தமிட்டது.

"மாஸ்டர், நாளைக்குப் பொங்கலுக்கு ஒரு பாட்டு போடுங்க" என்றான் வடிவேல். "நாங்க எங்க வீட்டுல இருந்தே கேட்டுக்கிறோம். நீங்களும் வாங்க. ஒங்க வீட்டுல கேக்காதுல்ல."

சுதர்சினி லய வாசலில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தூறலில் மெதுவாக வந்தாள். இரண்டு கையாலும் மெஷினை நெஞ்சோடு அணைத்திருந்தாள். சுற்றியிருந்த சேலை அவிழ்ந்து தரையில் இழுபட்டது. மலை சரிகிறது என்று எல்லோரும் பை எடுத்து ஓடியபோது, அவள் கட்டிலுக்கு அடியில் நுழைந்திருக்கிறாள்.

நான் எதிரே போனேன். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும்.

"பொங்கலுக்கு முன்னாடி பாடிருச்சில்ல?" என்றேன்.

அவள் மூச்சு வாங்கினாள். மெஷினை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தாள். ஈரம் படாமல் அதன்மேல் குனிந்துகொண்டாள்.

"ப்ளக்கைக் கழட்டிட்டேன்" என்றாள். "இத நான் எங்கங்க வைக்கட்டும்?"