பச்சை நாள்

அவள் ரொட்டி பேக்கரியில் மாவு பிசைபவள். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறு வாரம் ராத்திரி ஷிஃப்ட். அவள் கணவன் செல்போன் கடையில் விற்பனையாளன். மனுஷர் சொன்னால் ஆயிரம் சந்தேகம் கேட்பான். திரை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கருத்தடை மாத்திரை அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தது. ஆணுறை அவனுக்கு மனவலியைக் கொடுத்தது. எந்த வலி பெரிது என்று வீட்டில் விவாதமே நடக்கவில்லை. ஒரு நாள் அவள் போனில் அவனே ஓர் ஆப்பை இறக்கிக் கொடுத்தான்.

"எழுந்ததும் வாய்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து இதுல ஏத்து. பச்சைன்னா பயமில்ல, சிவப்புன்னா தள்ளிப் படு. சுத்தமான இயற்கை முறை!"

இயற்கை முறையில் அவனுடைய பங்கு, நிறம் பார்ப்பது.

"ஒரு வாரம் காலைல எழுந்திருக்கேன், ஒரு வாரம் சாயங்காலம் எழுந்திருக்கேன். இதுக்கு அது குழம்பிடாதாங்க?"

"அதெல்லாம் அதுக்குத் தெரியும். நீ குழம்பாம இரு."

அவள் குழம்பாமல் ஏற்றினாள். அதுவும் குழம்பாமல் பச்சை காட்டியது. கடைசியில் அந்த ஆப் அவளுக்கு நன்றாகவே ஆப்பு வைத்தது.

நாள் தள்ளிப்போய், சோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழுந்ததும் அவனிடம் காட்டினாள். "நீ ஒழுங்கா ஏத்தியிருக்க மாட்ட" என்றான். ஆப்பிடமும் தெரிவித்தாள். அது திரை முழுக்கப் பூக்களைக் கொட்டி, "வாழ்த்துகள்! அம்மாவாகப் போகிறீர்கள்!" என்று குதித்தது. கூடவே தொட்டில் விளம்பரம்.

அவன் தன் அம்மாவுக்குச் சொன்னான். மாமியார் மறுநாளே பையோடு வந்து இறங்கினாள். "ரெண்டோட மூணா வளந்துட்டுப் போகுது, இதுல என்னம்மா இருக்கு?" என்றாள். எல்லோரும் தாராளமாகத்தான் இருந்தார்கள். வயிறு மட்டும்தான் அவளுடையது.

போன பிரசவம் முடிந்து திரும்பியபோது முதலாளி அவளைத் தட்டு கழுவ அனுப்பியதும், மறுபடி மாவுக்கு வர அவள் பட்ட பாடும் யாருக்கும் நினைவில்லை. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அவள் ஒருமுறை நன்றாக அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"எனக்கு இது வேண்டாங்க."

"என்னைக் கேக்காம நீயா முடிவு பண்ணுவியா?"

"பச்சைன்னு சொன்னப்ப நீங்க யாரைக் கேட்டீங்க?"

மாமியார் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்தவள் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வீட்டுக்காரர் வரலையா?" என்றாள்.

"அவர் கடையில இருக்கார். வயிறு என்கிட்டதான் இருக்கு."

டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "தூக்கம் மாறினா உடம்புச் சூடும் மாறிடும். ஷிஃப்ட் வேலை பாக்கறவங்க இதை நம்பறது ரொம்ப கஷ்டம்மா. சரி, இது உங்க முடிவுதானே? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

இத்தனை நாளில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். "என் முடிவுதாங்க" என்றாள் இவள்.

"அப்ப அது போதும்."

கருவைக் கலைக்க மாத்திரை கொடுத்தார்கள். வலி இருந்தது. கணவன் வெந்நீர்ப் பையை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். உடம்பு தேறியதும் அவள் காப்பர்-டி போட்டுக்கொண்டாள்.

பிறகொரு நாள் வீட்டுச் சாவி வாங்க அவன் கடைக்குப் போனாள். அவன் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு போன் காட்டிக்கொண்டிருந்தான். "இதுல ஒரு ஆப் இருக்கு சார், மாத்திரை மருந்தே வேண்டாம். எங்க வீட்லயும் அதான்!"

அவள் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன வேலைம்மா?"

"நர்ஸா இருக்கேன்க்கா. நைட் டியூட்டியும் வரும்."

"அப்ப ஒரு நல்ல டாக்டரைப் போய்ப் பாருங்க. நிறம் பாத்துச் சொல்ற இவரை நம்பாதீங்க. எங்க வீட்ல நம்பித்தான் கெட்டோம்."

அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் போனை மெதுவாக மேஜையில் வைத்தான். இருவரும் வெளியேறினார்கள்.

அன்று முழுக்கக் கணவன் அவளோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவள் வயிறாரச் சாப்பிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.