விஜயதசமி வைஃபை

நேர்காணல் மூன்று மணிக்கு. மணி இரண்டைத் தாண்டிவிட்டது, ஷாமளாவின் மடிக்கணினி இன்னும் சாமி மேசையை விட்டு இறங்கவில்லை.

ஈஜோக் பக்கத்துத் தோட்ட லயத்தில் இருந்த அந்த வீட்டில், ஆயுத பூஜை என்றால் மாமியார் நவமணிக்கு விளையாட்டு கிடையாது. நேற்று பூஜையில் வைத்த எதையும் இன்றைய புனர்பூஜை முடியாமல் தொடக்கூடாது. மகன் சேதுவின் லோரியே நேற்றிலிருந்து மாலையும் கழுத்துமாக அசையாமல் நிற்கிறது. மருமகளின் கணினிக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது? அதுவும் ராகு காலம் கழிந்த பிறகுதான் புனர்பூஜை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

"அத்த, இப்ப எடுக்கலாமா?"

"இரும்மா, கற்பூரம் அணையட்டும். வேல குடுக்கப்போற சாமான், அவசரப்பட்டு எடுக்கலாமா?"

ஷாமளாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு நிறுவனம், லினக்ஸ் கணினிகளைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறது. வீட்டிலிருந்தபடியே வேலை. கிடைத்தால் சேது இங்கேயே இருப்பான். கிடைக்காவிட்டால் சிங்கப்பூர். அங்கே ஒரு லோரி கம்பெனி அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது. வருகிறானா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் சொல்லியாக வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. "ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வந்துருவேன்லா" என்று அவன் என்னமோ பக்கத்துக் கோலசிலாங்கூருக்கு மீன் வாங்கப் போகிறவன் மாதிரி சொன்னான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நேர்காணல் முடிந்த கையோடு முடிவைச் சொல்லிவிடுவார்கள் என்று கம்பெனிப் பெண் போனில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைத்தான் ஷாமளா கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கணினி கைக்கு வந்தது. புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மூடியில் மூன்று பட்டை, மூலைக்கு மூலை சந்தனம், அதன்மேல் குங்குமம், நடுவில் ஒரு செவ்வந்திப் பூ. லோரிக்கு நாலு பொட்டோடு நிறுத்திக்கொண்ட நவமணி, இதற்குச் சுற்றிச் சுற்றி அப்பியிருந்தார். மருமகள் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை.

ராவாங்கில் ஒரு கடையில் வாங்கிய பழைய கணினி அது. ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துத் தேய்ந்து வந்தது. விண்டோஸைச் சுமக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். அதனால் ஷாமளாவே லினக்ஸைப் போட்டாள். கெடுத்தாள், திருத்தினாள், மறுபடி கெடுத்தாள். இந்த வேலைக்கு மனுப் போடும் தைரியம் அப்படி வந்ததுதான்.

அறைக்குள் மேசை, நாற்காலி, பின்னால் வெள்ளைத் துணி எல்லாம் தயார். கணினியைத் திறந்தாள். திரை வந்தது. கடவுச்சொல்லை அடித்தாள். வலது மேல் மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அணைத்து மறுபடி தொடங்கிப் பார்த்தாள். அப்போதும் வெறுமைதான்.

"என்னா ஆச்சு?" என்றபடி சேது வந்து நின்றான்.

"வைஃபை இல்லீங்க."

"கோகிலன் வீட்டுல சுவிட்ச அடைச்சிட்டு போய்ட்டானா?"

பக்கத்து வீட்டுக் கோகிலனும் இவர்களும் சேர்ந்துதான் இணையம் போட்டிருந்தார்கள். ஒரு வைஃபை பெட்டி, இரண்டு வீடு. பெட்டி இருப்பது கோகிலன் வீட்டில். கோகிலன் குடும்பத்தோடு கலும்பாங்கில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். சேது ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "பெட்டி எரியுது! பச்சையா எரியுது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

ஷாமளா தன் ஹேண்ட்போனைப் பார்த்தாள். அதில் வைஃபை ஜம்மென்று வந்தது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை, கணினியில்தான். பாதி நிம்மதியும் பாதிப் பயமும் சேர்ந்து வந்தன. ஹேண்ட்போனிலேயே பேசிவிடலாம் என்றால் முடியாது. கணினித் திரையைக் காட்டிக்கொண்டே சோதனை செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு லா."

"அத மொதல்லயே பண்ணிட்டேன்."

"இன்னொருவாட்டி பண்ணு. லோரிக்கே ரெண்டுவாட்டி சாவி போட்டாத்தான் புடிக்கும்."

அவள் மனம் நேராகப் போய் நின்றது பூஜைக்கு முன் தான் செய்த காரியத்தில். நேர்காணலுக்குக் கணினி சுத்தமாக இருக்கட்டும் என்று, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டாள். லினக்ஸின் அடித்தளமான கெர்னல்கூடப் புதிதாக வந்திருந்தது. புதிய கெர்னலுக்கு இந்தப் பழைய வைஃபை சில்லைப் பிடிக்காமல் போயிருக்கும். எவளாவது முக்கியமான நாளுக்கு முன்னால் புதுப்பிப்பாளா? தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

பழைய கெர்னலும் உள்ளேயேதான் இருக்கும். கணினியை அணைத்துப் போட்டு, தொடங்கும்போது வரும் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்தாள். இந்தக் கணினி எழுந்து உட்கார்வதற்குள் ஒரு தேநீர் ஆற்றிக் குடித்துவிடலாம். எழுந்தது. வைஃபை இல்லை.

வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கழற்றி மாட்டினாள். இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் சேவையை நிறுத்தித் தொடங்கினாள். ஒன்றும் அசையவில்லை. சரி, ஹேண்ட்போனைக் கேபிளால் கணினியில் செருகினால் அதன் வழியாகவே இணையம் எடுக்கலாமே! பளிச்சென்று தோன்றியதும் துள்ளி எழுந்து கேபிளைத் தேடிச் செருகினாள். ஹேண்ட்போனில் சார்ஜ் ஏறியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று சேது அள்ளிக்கொண்டு வந்த கேபிள். சார்ஜ் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"லோரியில ஒண்ணு இருக்கு!" என்று ஓடினான் சேது. மூச்சிரைக்கக் கொண்டுவந்தான். அதுவும் அதே பாசார் மாலாம், அதே கேபிள்.

"மொத்தமா எத்தன வாங்கினீங்க?"

"மலிவா இருந்துச்சு லா..."

அவளுக்கு அவனைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. அறை வாசலில் நவமணி விபூதித் தட்டோடு நின்றுகொண்டு, கேட்கவும் பயந்து, போகவும் மனமில்லாமல் இருந்தார்.

ஷாமளா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து விட்டாள். பதறியது போதும். கணினியில் வைஃபை போன்ற அலைவாங்கிகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா, யாராவது பூட்டியிருக்கிறார்களா என்று காட்டும் ஒரு சின்னக் கட்டளை உண்டு. ஆர்எஃப்கில் என்று அதற்குப் பெயர். அதை அடித்தாள்.

இரண்டு வரி வந்தது. சாஃப்ட் பிளாக்ட்: நோ. ஹார்ட் பிளாக்ட்: யெஸ்.

அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். பிறகு சிரித்தாள். மூன்று மணி அடிக்கப்போகிற நேரத்தில், இணையம் இல்லாத கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"என்னா சிரிக்கிற? பைத்தியம் புடிச்சிருச்சா?"

"ஏங்க, கெர்னல் இல்லீங்க! டிரைவரும் இல்ல! நான் ஒண்ணும் கெடுக்கல! மென்பொருள் பக்கம் பூட்டே இல்ல. எங்கேயோ ஒரு சுவிட்ச் இருக்கு. கையால அழுத்துற சுவிட்ச். அத யாரோ அடைச்சிட்டாங்க. அவ்வளவுதான்!"

"சுவிட்சா? எங்க?"

"அதுதான் தெரியல. இந்தக் கணினியில அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. டார்ச் எடுத்துட்டு வாங்க, டார்ச்!"

சேது அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் டார்ச் எடுக்க லோரிக்குப் போனான். போனவன் கொஞ்ச நேரம் கழித்தே வந்தான். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து கணினியைத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் ஓட்டைகள்தான். டார்ச் வந்ததும் மல்லாந்து படுத்து, கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். முன்விளிம்பின் அடியில், உதட்டுக்குக் கீழே மறைந்த மாதிரி, ஒரு பெரிய சந்தனக் கட்டி காய்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்பு நுனி தெரிந்தது.

சந்தனத்தை விரலால் இழுத்து அப்பிய வேகத்தில் சுவிட்ச் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. அப்பிய சந்தனம் அங்கேயே காய்ந்து அதைச் சிமெண்ட் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது.

"கெடச்சிடுச்சு! அத்த வச்ச சந்தனம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாசலில் நவமணியின் முகம் செத்துவிட்டது.

"நானா? நானாம்மா கெடுத்தேன்? வேல கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தானே..."

"இல்லத்த, ஒண்ணும் கெடல. கல்லாட்டம் இருக்கு, நகர மாட்டேங்குது. அவ்வளவுதான்."

நகத்தால் சுரண்டினாள், நகம் ஒடிந்தது. சேது திருப்புளியோடு குனிந்தான். "அத வச்சி நோண்டுனா சுவிட்சே வந்துடும்" என்று அவள் அலறினாள். ஹேண்ட்போனில் மணி மூன்று.

நவமணி விபூதித் தட்டைக் கட்டில்மேல் வைத்தார். வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் மெல்லியதாக ஒன்றைக் கழற்றினார். "தள்ளும்மா. நான் பூசினதுதானே" என்று பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். ஊக்கின் முனையை ஷாமளா நீட்டிய டம்ளர்த் தண்ணீரில் தொட்டு, கணினியில் ஒரு சொட்டு விழாமல், ஓரம் ஓரமாகக் கீறினார். சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது. "முருகா, முருகா" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சேது டார்ச்சைப் பிடித்திருந்தான்.

டிக்.

சுவிட்ச் நகர்ந்தது. முன்விளிம்பில் இத்தனை நேரம் செத்துக் கிடந்த சின்ன விளக்கு பச்சையாகக் கண்ணைத் திறந்தது. மேல் மூலையில் வைஃபை அடையாளம் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி நிறைந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

நேர்காணலுக்குள் அவள் நுழைந்தபோது பத்து நிமிஷத்துக்கு மேல் போயிருந்தது. திரையில் அருள்நேசன் என்ற பெயருக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு முகம் சிரிப்பில்லாமல் காத்திருந்தது.

"என்ன, எஸ்டேட்டில் லைன் பிரச்சினையா?" என்று அவரே ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தார்.

கணினிக்குப் பின்னால் நின்ற சேது, ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையை வேகமாக ஆட்டினான். பொய் அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் கோளாறைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அதற்கு முன்னால் பாய்ந்துகொண்டு வந்தது.

"இல்லை சார். லைன் நன்றாகத்தான் இருந்தது. ஆயுத பூஜை சந்தனம் வைஃபை சுவிட்சை அடைத்துவிட்டது."

அருள்நேசன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்."

சொன்னாள். பெட்டி, ஹேண்ட்போன், கெர்னல், டிரைவர், கேபிள், கடைசியில் ஆர்எஃப்கில். அவர் விடவில்லை. "அந்தக் கட்டளைக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. அதை ஏன் கடைசியில் பார்த்தீர்கள்?"

சுருக்கென்றது. "பயந்துவிட்டேன் சார். புதுப்பித்தது நான், அதனால் தப்பு என்னுடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு சோதனை. கோளாறான மூன்று கணினிகளைத் தூரத்திலிருந்தே சரிசெய்யச் சொன்னார். இரண்டைச் சரிசெய்தாள். மூன்றாவது பிடி கொடுக்கவில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

"இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் சொல்கிறோம்" என்றார் அருள்நேசன். திரை அணைந்தது.

அடுத்த வாரமா? கையோடு சொல்வார்கள் என்றுதானே கம்பெனிப் பெண் சொன்னாள்? சாயங்காலத்துக்குள் அல்லவா தெரிய வேண்டும்! அதுவரை ஜிவ்வென்று பறந்துகொண்டிருந்தவள் பொத்தென்று கீழே வந்தாள். அறையில் சேது இல்லை. வெளியே ஓடினாள். லோரியின் படியில் உட்கார்ந்து அவன் ஹேண்ட்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அடுத்த வாரம்தான் சொல்வாங்களாம். ஏஜெண்டுகிட்ட ஒரு வாரம் டைம் கேளுங்க. கெஞ்சிக் கேளுங்க."

"நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன்."

"எப்ப?"

"டார்ச் எடுக்க வந்தேன்ல, அப்ப."

"அப்ப வைஃபையே வரலியே! என்னா சொன்னீங்க?"

"வரலன்னு சொல்லிட்டேன். வேற ஆளப் பாத்துக்குங்கன்னு."

ஷாமளாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூள இருக்கா உங்களுக்கு? எனக்கு வேல கெடைக்கலன்னா என்னா பண்றது?"

"கெடைக்கும். இவங்க குடுக்கலன்னா வேற எவனாச்சும் குடுப்பான்." சேது தலையைச் சொறிந்தான். இந்த மாதிரி பேச்செல்லாம் அவனுக்குப் பழக்கமில்லை. "கணினி செத்துக் கெடக்கு, மூணு மணி ஆவப்போவுது, நீ என்னான்னா பல்லக் காட்டி சிரிக்கிற. ஒன் மூஞ்சிய அப்படி நான் பாத்ததே இல்ல லா. இத வுட்டுட்டு நான் சிங்கப்பூர் போயி என்னாத்தப் பாக்கப்போறேன்?"

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் தடவிக்கொண்டான். சொல்ல நினைத்த திட்டெல்லாம் மறந்துபோய், அழுகையும் சிரிப்புமாக அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து நவமணி குரல் கொடுத்தார். "வேல கெடச்சிடுச்சாம்மா?"

"இன்னும் தெரியல அத்த!" லயம் முழுவதும் கேட்கும்படி ஷாமளா கத்தினாள். "ஆனா ஒங்க மகன் எங்கயும் போகல!"