இரண்டு முறை எண்ணிய ஜோடி

நார்த்தாமலை விலக்கில் என் படத்தைப் போட்டு 'விஞ்ஞானச் சிங்கமே வருக' என்று ப்ளெக்ஸ் கட்டியிருந்தார் பழனிச்சாமி மாமா. நான் கோட்பாட்டு இயற்பியலாளன். திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிக் கூட்டுச் சேர்கின்றன என்று காகிதத்தில் கணக்குப் போடுவது என் தொழில். பல்பு மாட்டக்கூடத் தெரியாது. ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? காலையிலேயே செவந்தி அத்தை மிக்சியோடு வந்துவிட்டார்.

"சட்னி ஜார் சுத்த மாட்டேங்குது தம்பி, என்னான்னு பாருப்பா."

பாராட்டு விழா பதினோரு மணிக்கு. நம்மூர் வெயிலிலும் மின்சாரத்தைத் துளி இழப்பில்லாமல் கடத்தும் ஒரு பொருள் சாத்தியம் என்று நான்கு வருடம் முன்பு எழுதிய கட்டுரைக்கு விருது கிடைத்திருந்தது. ஊருக்குப் புரிகிற மாதிரி பேச வேண்டுமே என்று, அழைப்பிதழின் பின்பக்கம் கணக்கை எளிமையாக முதலிலிருந்து எழுதினேன். மூன்றாவது வரியில் தப்பு கண்ணில் பட்டது. ஒவ்வொரு எலக்ட்ரான் ஜோடியையும் இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். அவன் இவனோடு, இவன் அவனோடு என்று! முதலாமாண்டுப் பையன் இதைச் செய்திருந்தால் தாளை மூஞ்சியில் எறிந்திருப்பேன். திருத்திப் பார்த்தால், அந்தப் பொருள் காற்றே திரவமாகும் குளிரில்தான் வேலை செய்யும்.

விழா முடியட்டும் என்றது மனம். அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, ஆய்விதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை போனில் அடித்தேன். 'பிழையை நானே கண்டுபிடித்தேன்' என்ற வரியை மட்டும் கொஞ்சம் அழகாக எழுதினேன். மானம் போகும்போதும் ஒரு மரியாதை வேண்டாமா? கட்டுரையைச் சேர்ந்து எழுதிய என் மாணவி கலைமதியின் சம்மதம் வேண்டும். கூப்பிட்டேன்.

"நம்ம பேப்பர்ல ஒரு தப்பும்மா..."

"ஜோடிய ரெண்டு தடவ எண்ணுனதா சார்?"

"ஒனக்கெப்புடித் தெரியும்?"

"போன வருஷமே பாத்துட்டேன் சார்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?" கத்திவிட்டேன். வாசலில் நின்ற மாமா திரும்பிப் பார்த்தார்.



"இப்புடிக் கத்துவீங்கன்னுதான் சார்."

கட்டுரைதான் என் அவமானம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கூசிப்போனேன். அழகாக எழுதிய வரியை அழித்தேன். பிழையை முதலில் கண்டது கலைமதி, அதைச் சொல்லவிடாதது என் கோபம் என்று எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"மாப்ள, மேடைக்கு வாங்க, நேரமாச்சு!" என்றார் மாமா.

"அனுப்பவாம்மா?" என்று கேட்டேன்.

"சரிங்க சார்" என்றாள். குரலில் பயம் அப்படியேதான் இருந்தது.